இடைவெளி ஒழிப்புத் தீர்மானம்

எந்த உண்மையையும் எவரிடமிருந்தும் மறைத்துவிட முடியாத பொற்காலத்தில் நாம் வாழ்கிறோம். முன்பெல்லாம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், அது தெரிந்த ஒருவரைத் தேடிப் போக வேண்டும். அவர் வீட்டில் இருக்க வேண்டும். இருந்தாலும் அவர் பேசி முடிக்கும்வரை கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தத் தொல்லை இன்று ஒழிந்தது. தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாமலேயே எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடுகிறது. இந்த முன்னேற்றத்தின் மாண்பை முழு அளவில் அனுபவித்தவர் என்று ஒருவரைச் சுட்டிக்காட்டச் சொன்னால், ஆற்றுப் பாலத்தின் பரிசோதகரைத்தான் காட்ட வேண்டும்.

அலுவலகத்தில் அவருக்கு 'எப்படின்னா' என்று பெயர். யாராவது போகிற போக்கில், "இன்னைக்கு ஃபேன் மெதுவா சுத்துதே" என்று சொல்லிவிட்டால் போதும். "அது எப்படின்னா..." என்று ஆரம்பித்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். மின்விசிறியின் வயிற்றுக்குள் இருக்கும் சுருள் முதல் மின்நிலையத்தின் சுழலி வரை போய்த் திரும்புவதற்குள், கேட்டவரின் தேநீரில் ஆடை படர்ந்திருக்கும். கெட்ட மனிதர் இல்லை. உலகத்தில் எவரும் ஒரு விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொள்வது விளக்கம் போதாததால்தான் என்று நம்பினார். அவ்வளவுதான் அவர் செய்த பிழை.

பாலத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அந்த நகரத்தை ஓர் ஆறு இரண்டாக வெட்டுகிறது. இந்தக் கரையில் மருத்துவமனையும் அலுவலகங்களும். அந்தக் கரையில் வீடுகள். நடுவே நூறு மீட்டர் நீளத்தில் ஓர் இரும்புப் பாலம். அதை விட்டால் மேற்கே இருக்கும் இன்னொரு பாலத்தைச் சுற்றி வர வேண்டும், அறுபத்தொரு கிலோமீட்டர்.

இரும்பு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். ஆகவே பாலத்தின் ஒரு முனையைக் கரையோடு இறுக்கிப் பூட்டிவிட்டு, மறுமுனையை உருளைகளின் மேல் வைத்திருந்தார்கள். அந்த முனைக்கும் கரைச்சுவருக்கும் நடுவே ஓர் இடைவெளி. பாலம் அதற்குள் நீண்டுகொள்ளும், சுருங்கிக்கொள்ளும். பரிசோதகர் தினமும் காலை ஆறு மணிக்கு அந்த இடத்தில் மண்டியிட்டு, படிப்படியாகத் தடிக்கும் ஓர் எஃகு ஆப்பை இடைவெளிக்குள் இறக்கி, எந்த அளவில் நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். பத்தொன்பது ஆண்டுகளாக இதைச் செய்தார். பத்தொன்பது ஆண்டுகளாக யாரும் அவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தக் குறை அவருக்கு உள்ளூர இருந்தது.

அதைத் தீர்த்துவைக்கவே வந்தது ஒரு சுற்றறிக்கை. 'வெளிப்படைத்தன்மை ஆண்டு' தொடங்குவதால், ஒவ்வொரு பிரிவும் தன் அன்றாடப் பணியைப் படமெடுத்து நகரவையின் இணையப் பக்கத்தில் தினமும் பதிவிட வேண்டும். பூங்காப் பிரிவு பூக்களைப் போட்டது. சாக்கடைப் பிரிவு விலக்குக் கேட்டு மனுக் கொடுத்தது. வெளிப்படைத்தன்மையில் பாகுபாடு கிடையாது என்று மறுக்கப்பட்டது. பரிசோதகர் இடைவெளியைப் போட்டார்.

'இன்றைய இடைவெளி: 36 மில்லிமீட்டர்.'

மழைக்காலம் முடிந்து குளிர் இறங்கிக்கொண்டிருந்த நேரம். மறுநாள் 37. அதற்கு மறுநாள் 38. நான்காம் நாள் 39 என்று போட்டபோது, முதல் பின்னூட்டம் விழுந்தது.

'தினம் ஒண்ணு கூடுதே. பாலம் பிளக்குதா?'

ஒரு கேள்வி! பரிசோதகர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அன்று மதியச் சாப்பாட்டை மறந்து பதினொரு பத்தியில் பதில் எழுதினார். மழையில் உப்பிப்போய்ச் சாத்த முடியாத கதவைச் சொன்னார். வெந்நீர் ஊற்றினால் திறந்துகொள்ளும் ஊறுகாய்ப் பாட்டில் மூடியைச் சொன்னார். கடைசியில் தனக்கே மிகவும் பிடித்துப்போன உவமையை வைத்தார்: 'வயிறு நிறையச் சாப்பிட்டபின் பெல்ட்டில் ஒரு துளை தளர்த்துகிறோம் அல்லவா? அந்தத் துளைதான் இந்த இடைவெளி. பெரிதாகும் பொருளுக்கு இடம் விட வேண்டும். விடாவிட்டால் ஒன்று பெல்ட் அறும், அல்லது வயிறு தாங்காது.'

கேட்டவர் பதில் போட்டார்: 'அப்போ பெருசாகுதுன்னு ஒத்துக்கறீங்க.'

மூன்று நாள் கழித்து மக்கள் தொடர்பு அதிகாரி அவருடைய அறைக்கே ஓடி வந்தார். பூங்காப் பூக்களுக்குப் பதினேழு பார்வைகளுக்கு மேல் வாங்கித் தர முடியாமல் மனம் உடைந்திருந்த பெண்மணி.

"சார், உங்க பதிவு எங்கேயோ போயிடுச்சு!"

"எங்க போச்சு மேடம்? நான் அழிக்கலையே."

"ரெண்டு லட்சம் பேர் பாத்திருக்காங்க சார்! ஒருத்தர் கோடு போட்டுக் கணக்கே பண்ணிட்டார். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்னா, எட்டு வருஷத்துல பாலம் கரையை விட்டு மூணு மீட்டர் தள்ளி நிக்குமாம்."

"கணக்கு சரிதான். ஆனா எட்டு வருஷம் தொடர்ந்து குளிர்காலமா இருக்கணுமே? நான் விளக்கம் எழுதியிருக்கேனே, யாரும் படிக்கலையா?"

"படிக்கல சார். ஆனா அதனாலதான் இவ்வளவு தூரம் போச்சு."

பரிசோதகர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வாழ்க்கையில் முதல் முறையாக, கேட்பதற்கு. "அது எப்படி மேடம்?"

அதிகாரி விளக்கினார். பதிவுகளை மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும் ஓர் இயந்திரம். ஒருவர் ஒரு பதிவில் எவ்வளவு நேரம் நிற்கிறார், எத்தனை முறை திரும்ப வருகிறார், எத்தனை பேர் அங்கே சண்டை போடுகிறார்கள் என்று அது பார்க்கும். கூட்டம் சேர்ந்தால் மேலே தள்ளும்.

"சொல்றது சரியா தப்பான்னு பாக்காதா?"

"அதுக்கு அதுல இடமே இல்ல சார்."

"நான் விளக்கம் போட்டா?"

"அதுவும் ஒரு பின்னூட்டம்தானே. மேல போகும். நீளமா போட்டா இன்னும் மேல போகும். உங்க பதினொரு பத்தியைத் தள்ளிவிட்டுக் கீழ போறதுக்கே விரல் வலிக்குது. அவ்வளவு நேரம் நின்னதை, ஆசையா படிச்சதா அது எடுத்துக்கும்."

பரிசோதகர் வியந்து போனார். என்ன நேர்த்தியான இயந்திரம்! ஆற்று நீரையும் சாக்கடை நீரையும் ஒரே வேகத்தில், ஒரே உற்சாகத்தில் மேலே ஏற்றும் பம்பு. இவ்வளவு வலுவுள்ள பம்பு கையில் இருக்கும்போது, நல்ல தண்ணீரை நிறைய ஊற்ற வேண்டியதுதானே? அன்று முதல் வந்த ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் அவர் பதில் எழுதினார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பதில்கள். ஒவ்வொன்றிலும், இடைவெளியை மட்டும் அடைத்துவிடாதீர்கள், அடைத்தால் வெயில் காலத்தில் பாலம் உடையும் என்று மறக்காமல் சேர்த்தார். நகரவை அவருக்கு 'மாதத்தின் சிறந்த ஈடுபாட்டாளர்' என்று சான்றிதழ் கொடுத்தது.

பாலத்தைக் கடந்து அந்தக் கரையில் அவருடைய அக்கா வீடு. அத்தான் ஓய்வுபெற்ற எடை அளவு ஆய்வாளர். முப்பது ஆண்டு கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்தவர்; தன் மாமனார் வீட்டுச் சமையலறைத் தராசையே பறிமுதல் செய்தவர். இரண்டு ஆண்டுகளாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் மருத்துவமனை வேனில் பாலத்தைக் கடந்து வந்து, நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். இடது கை இயந்திரத்துக்கு. வலது கை சும்மா இருக்கும். அந்தக் கையில் போன்.

வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஒரு மனிதர் அசையாமல் படுத்து உலகத்தைப் படித்தால் எவ்வளவு தெரிந்துகொள்வாரோ, அவ்வளவும் அத்தான் தெரிந்துகொண்டார். 'பாலப் பிளவுக் கண்காணிப்புக் குழு' என்ற இணையக் குழுவுக்கு இப்போது அவர்தான் தலைவர்.

"வா மாப்ளே," என்றார் அத்தான், கதவைத் திறந்ததுமே. "இன்னைக்கு நாப்பத்திரண்டாமே. எத்தனை நாளைக்கு மறைப்பே?"

"நான்தானே அத்தான் அதைப் போட்டேன்?"

"போட்டே. அதுல என்ன மறைச்சேன்னுதான் கேக்கறேன்."

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, இவர் வேன்ல பாலம் ஏறினதுமே கண்ணை மூடிக்கிட்டு மூச்சைப் பிடிச்சுக்கறாரு. அன்னைக்கு டிரைவர் பயந்துபோய் நடுப்பாலத்துல வண்டியை நிறுத்திட்டான். நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்."

"எடுத்துச் சொல்லேன்" என்ற சொல்லைக் கேட்டதும் பரிசோதகருக்குப் புது ரத்தம் பாய்ந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு அத்தானைக் கைத்தாங்கலாகப் பாலத்துக்கே அழைத்துப் போனார். எஃகு ஆப்பை எடுத்தார். அத்தான் அதைத் தடுத்து, தன் பையிலிருந்து அரசு முத்திரை குத்திய எஃகு அளவுகோலை எடுத்துக் கொடுத்தார்.

"இதுல அளந்து காட்டு."

பரிசோதகர் அளந்தார். அத்தான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இருபத்தெட்டு," என்றார்.

"காலையில நாப்பத்திரண்டு. இப்ப இருபத்தெட்டு. வெயில் ஏறினதும் குறைஞ்சிடுச்சு. அப்போ பாலம் பிளக்கலைதானே?"

அத்தான் அளவுகோலைத் துடைத்து உறையில் போட்டார். அவசரமே இல்லாமல் பேசினார். "மாப்ளே, முப்பது வருஷம் தராசு பாத்தவன் நான். ஒரே பொருள் காலையில ஒரு அளவு, மத்தியானம் ஒரு அளவு காட்டினா அதுக்கு என்ன பேரு தெரியுமா?"

"என்ன?"

"மோசடி."

"உங்க அளவுகோல் அத்தான்! உங்க கண்ணாலயே பாத்தீங்களே!"

"பாத்தேன். நான் ஒரு ஆளு. அதுவும் கண்ணாடி போட்ட ஆளு. அங்க மூணு லட்சம் பேர் பாத்திருக்காங்க. என் ரெண்டு கண்ணு பெருசா, ஆறு லட்சம் கண்ணு பெருசா, நீயே சொல்லு."

இந்தத் தர்க்கத்தின் முன் விஞ்ஞானம் தலைகுனிந்து நின்றது. அத்தானை வீட்டில் விட்டுவிட்டுப் பரிசோதகர் திரும்பும்போது, 'காலையில் ஒன்று, மதியம் ஒன்று: அளவில் தில்லுமுல்லு அம்பலம்' என்ற பதிவு அவருக்கு முன்பே அலுவலகம் சேர்ந்திருந்தது.

அவருக்கு ஆதரவாளர்களே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பாலத்தின் மேல் பாசம் கொண்ட ஓர் அணி திரண்டு எழுந்தது. அவர்களுடைய கொள்கை, 'இடைவெளி என்ற ஒன்றே கிடையாது. அது நம் பாலத்தை இழிவுபடுத்த ஒட்டப்பட்ட படம்' என்பது. பரிசோதகருக்கு அதுவும் பொறுக்கவில்லை. ஆதரவாளர் சொன்னாலும் பிழை பிழைதானே? 'நண்பர்களே, இடைவெளி இருக்கிறது. இருக்க வேண்டும். அது இல்லாமல் பாலம் நிற்காது' என்று எழுதினார். இதிலிருந்து இரண்டு சொற்களை மட்டும் எடுத்து, அவருடைய படத்தோடு சேர்த்துப் பெரிய எழுத்தில் போட்டார்கள்: 'இடைவெளி இருக்கிறது.' கீழே: 'பரிசோதகரே ஒப்புதல்!' ஆதரவாளர்கள் அவரைத் துரோகி என்று அறிவித்துவிட்டு வெளியேறினார்கள். எதிர்ப்பாளர்கள் அவர் மனசாட்சியைப் பாராட்டினார்கள்.

இனி அரசியல் சும்மா இருக்குமா? எதிர்க்கட்சித் தலைவர் இடைவெளிக்கு அருகில் நின்று, இது ஆட்சியாளர்களின் அலட்சியம் என்று கண்கலங்கினார். நகரவைத் தலைவர் அதே இடத்தில் மறுபக்கம் நின்று, இது முந்தைய ஆட்சியில் உருவான இடைவெளி என்று ஆவணத்தோடு நிரூபித்தார். அது உண்மைதான்; பாலம் கட்டியதே முந்தைய ஆட்சியில்தான். இரு தரப்பும் எதிலும் ஒத்துப்போகாது என்று குறைபட்டவர்கள் தங்கள் குறையைத் திரும்பப் பெற்றார்கள். இடைவெளி தீமை என்பதில் முதல் முறையாக நாடி நரம்பெல்லாம் ஒன்றுபட்டிருந்தது நகரம்.

மக்கள் தீர்ப்புக்கே விடுவது என்று இணைய வாக்கெடுப்பு நடந்தது. 'இடைவெளி வேண்டுமா, வேண்டாமா?' நகரத்தின் மக்கள்தொகை எண்பதாயிரம். வாக்களித்தவர்கள் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர். இவ்வளவு உயர்ந்த வாக்குப்பதிவை எந்த நகரமும் கண்டதில்லை. வேண்டாம் என்றவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர்.

நகரவையின் சிறப்புக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, பாலத்தையே மூடிவிடுவது. இரண்டு, இடைவெளியைக் காங்கிரீட் போட்டு ஒழித்துவிடுவது. பரிசோதகருக்கு மூன்று நிமிடம் ஒதுக்கப்பட்டது.

"பாலம் வெயில்ல நீளும்," என்றார் பரிசோதகர். "அது எப்படின்னா..."

"ரெண்டு நிமிஷம் இருக்கு," என்றார் நகரவைத் தலைவர்.

"இப்ப அடைச்சா, வெயில் காலத்துல பாலம் போறதுக்கு இடம் இருக்காது. கரைச்சுவரை முட்டும். சுவர் வெடிக்கும், இல்லேன்னா தளம் மேல எழும்பும். கண்டிப்பா உடையும்."

எதிர்க்கட்சித் தலைவர் மேசையைத் தட்டினார். "இது எச்சரிக்கையா, மிரட்டலா? மூணு லட்சம் பேர் ஒரு பக்கம், இவர் ஒருத்தர் ஒரு பக்கம். தலைவர் அவர்களே, யார் ஜனநாயகம்?"

"நீங்க முதல்ல பெல்ட்டை..." என்று தொடங்கினார் பரிசோதகர். அதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. அவையின் ஒழுங்குக்கு மாறான சொல் என்று 'பெல்ட்' குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

உணவு இடைவேளையில் தலைமைப் பொறியாளர் அவரைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். எல்லாம் தெரிந்த மனிதர்; ஓய்வுபெற ஏழு மாதம் இருந்ததால் எதையும் சொல்லாதவர்.

"ரெண்டுல ஒண்ணு நடக்கத்தான் போகுது. மூடறதா, அடைக்கறதா? சொல்லித் தொலையும்."

மூடினால் அத்தான் வாரத்துக்கு மூன்று நாள் அறுபத்தொரு கிலோமீட்டர் போய், அதே அறுபத்தொன்றைத் திரும்பி வர வேண்டும். அந்த உடம்பு ஒரு மாதம் தாங்காது. அடைத்தால் பாலம் வெயில் காலத்தைத் தாண்டாது. பரிசோதகர், தன் வாழ்க்கையில் முதல் முறையாக, யாருக்கும் விளக்காமல் ஒரு காரியத்தைச் செய்வது என்று முடிவெடுத்தார்.

"அடைச்சிடலாம் சார். காங்கிரீட் மாதிரியே இருக்கும். ஆனா காங்கிரீட் இல்ல."

"எனக்கு எதுவும் தெரியாது," என்றார் தலைமைப் பொறியாளர். "ஆனா நல்லா பண்ணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, சுற்றிலும் தகரத் தடுப்பு வைத்து வேலை நடந்தது. அமுக்கினால் சுருங்கி, விட்டால் விரியும் நுரை ரப்பர் பட்டையை வாங்கி, இடைவெளிக்குள் அழுத்தமாக இறக்கினார். மேலே பசை தடவிச் சிமெண்டுத் தூளைத் தூவினார். அவரே எட்டி நின்று பார்த்தார். கல்லைப் போல இருந்தது. பாலத்துக்கு மூச்சுவிட இடம் இருந்தது; மூன்று லட்சம் பேருக்கு மனநிறைவு இருந்தது; அத்தானுக்கு வழி இருந்தது. பத்தொன்பது ஆண்டுப் பணியில் இவ்வளவு அழகான வேலை அவர் செய்ததில்லை. அதை யாரிடமும் சொல்ல முடியாததுதான் ஒரே குறை.

மறுநாள் 'நிறைவுப் பாலம்' திறப்பு விழா. நாடா கட்டியிருந்தது. இரு கட்சித் தலைவர்களும் ஒரே கத்தரிக்கோலில் ஆளுக்கொரு விரலை நுழைத்து வெட்டினார்கள். கண்காணிப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் அத்தான்தான் சிறப்பு விருந்தினர். ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் போன், நேரலை ஓடிக்கொண்டிருந்தது. அன்று காலைதான் அதே பாலத்தில் வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, முகம் தெளிந்து நின்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். அத்தான் தட்டவில்லை. சோதித்துப் பார்க்காமல் முத்திரை குத்தாத பழைய பழக்கம் அவரை விடவில்லை. ஊன்றுகோலைத் தூக்கி, அடைத்த இடத்தில் ஒரு குத்துக் குத்தினார்.

கோல் உள்ளே இறங்கியது. எடுத்ததும் குழி மெதுவாக நிமிர்ந்து மூடிக்கொண்டது.

பரிசோதகர் அருகில் போய்க் காதோடு கெஞ்சினார். "அத்தான், விட்டுடுங்க. இது உங்களுக்காகத்தான். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

அத்தான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கணம் அந்தக் கண்களுக்கு மச்சினன் தெரிந்தான். பிறகு கையிலிருந்த போன் சிணுங்கியது. நேரலையைப் பார்ப்பவர்கள் நாற்பதாயிரத்தைத் தொட்டிருந்தார்கள்.

"மக்களே," என்றார் அத்தான் போனைப் பார்த்து, தழுதழுத்த குரலில். "சொந்த மச்சினன்னு பாக்க மாட்டேன். எடை குறைஞ்சா குறைஞ்சதுதான்."

நாலு நாளில் ரப்பர் பிடுங்கப்பட்டு, அசல் காங்கிரீட் ஊற்றப்பட்டது. தரம் உயர்ந்தது, கம்பி வைத்தது. அன்று அதிகாலைக் குளிரில் இடைவெளி நாற்பத்தாறு மில்லிமீட்டர். அதுதான் பாலம் அந்த ஆண்டு மிகவும் சுருங்கியிருந்த நாள். பரிசோதகரிடமிருந்த எஃகு ஆப்பு, ரசீது கொடுத்துத் திரும்பப் பெறப்பட்டது. இல்லாத இடைவெளியை அளக்க ஆப்பு எதற்கு? அவர் பழைய கோப்புகள் அறைக்கு மாற்றப்பட்டார். மக்கள் தொடர்பு அதிகாரி மட்டும் தினமும் பதிவிட்டார்: 'இன்றைய இடைவெளி: 0.' ஆயிரக்கணக்கில் இதயங்கள் விழுந்தன. கொஞ்ச நாளில் விழவில்லை. பூஜ்யத்தோடு யாரால் சண்டை போட முடியும்? இயந்திரம் அந்தப் பதிவைப் பூங்காப் பூக்களோடு சேர்த்துவிட்டது.

பிறகு வெயில் வந்தது. அது இணையத்தில் இல்லாததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு பிற்பகலில், கோப்புகள் அறையில் தூசி தட்டிக்கொண்டிருந்த பரிசோதகருக்கு ஆற்றுப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. அவர் தூசித் துணியை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். கரைச்சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது. பாலத்தின் தளம் நடுவில் பூனை முதுகு போலக் கூனி எழும்பியிருந்தது. அந்நேரம் பாலத்தில் வந்த இரண்டு வண்டிக்காரர்களும், தளம் மெல்ல எழும்புவதைப் படம் பிடிக்க இறங்கி நின்றதால் உயிர் தப்பினார்கள். இணையம் உயிர்களைக் காக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நகரம் அதிர்ச்சியடையவில்லை. பெருமிதமடைந்தது. பாலம் உடையும் என்று குளிர்காலத்திலேயே கண்டுபிடித்த நகரம் அல்லவா? விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பரிசோதகர் அழைக்கப்பட்டார்.

"வெயில் காலத்தில் உடையும் என்று நானூற்றுப் பன்னிரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். அது எப்படி உங்களுக்கு மட்டும் தெரிந்தது?"

"அது எப்படின்னா..."

"விளக்கம் வேண்டாம். முன்பே தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"எழுதிக்கொள்ளுங்கள்: குற்றத்தை முன்கூட்டியே அறிந்திருந்தார்."

பணியிடை நீக்கத்தில் வீட்டில் இருந்ததால், அத்தானுக்குத் துணையாக வேனில் போக அவருக்கு நேரம் கிடைத்தது. பாலம் மூடப்பட்டுவிட்டது. மேற்கே சுற்றி அறுபத்தொரு கிலோமீட்டர். பாதி தூரம் மண்சாலை. போய்ச் சேருவதற்குள் தாமதமாகிவிடுவதால், மருத்துவமனையில் நான்கு மணி நேரத்தை இரண்டரையாகக் குறைத்திருந்தார்கள். வெளியேற வேண்டிய நீர் வெளியேறாமல் அத்தானின் முகம் ஊதியிருந்தது. மூச்சு இரைத்தது. பாதங்கள் இரண்டும் பூசணிக்காய் போல வீங்கிக் கிடந்தன. கிளம்பும்போது அக்கா தம்பியின் கையைப் பிடித்து வேனில் ஏற்றிவிட்டார்.

இருபதாவது கிலோமீட்டரில் அத்தான் குனிந்து செருப்பைக் கழற்றினார். வார் இறுகி, தோலில் பள்ளம் விழுந்திருந்தது. தடவிக்கொண்டே பேசினார்.

"வீங்கற காலுக்குச் செருப்பு கொஞ்சம் இடம் விட்டு வாங்கணும் மாப்ளே. இல்லேன்னா ஒண்ணு வார் அறும், இல்ல கால் போயிடும். உனக்கு இதெல்லாம் தெரியாது."

பரிசோதகர் அவர் முகத்தைப் பார்த்தார். "யார் சொன்னாங்க அத்தான்?"

"போன்ல வந்துச்சு. நேத்துலேர்ந்து அதுதான் ஓடிக்கிட்டிருக்கு. ஏழு லட்சம் பேர் பாத்தாச்சு." அத்தான் மூச்சு வாங்கிக்கொண்டு போனை நீட்டினார். "என்னமா எழுதியிருக்கான் பாரு, எவனோ! பேரு கூடப் போடல."

பரிசோதகர் வாங்கிப் பார்த்தார். பதினொரு பத்தி. மழையில் உப்பிய கதவு இருந்தது. ஊறுகாய்ப் பாட்டில் மூடி இருந்தது. பெல்ட் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பில் ஒரு தலைப்பு: 'அவர்கள் நம்மிடமிருந்து மறைத்த உண்மை!'

வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அத்தான் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கையில் சாய்ந்தார். கண்ணை மூடியபடியே, ஆற்றாமையோடு சொன்னார்:

"இவ்வளவு தெளிவா விஷயம் தெரிஞ்சவன் இந்த ஊர்லயே இருந்திருக்கான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இப்படி வருவேனா? கொலைகாரப் பாவி!"